முழங்கால் குருத்தெலும்பு மீண்டும் வளருமா? ஊசிகள் பற்றிய ஆய்வுகள் காட்டுவது என்ன?

செந்தூல் வாசகி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. இளமையில் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர். இப்போது எங்களோடு கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம், எக்ஸ்ரேயில் நான்கில் மூன்றாம் நிலை என்று மருத்துவர் கூறியிருக்கிறார். தனியார் கிளினிக் ஒன்றில் விசாரித்தபோது, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு, அதாவது குருத்தெலும்பு, புதிதாக வளரும் என்றும், ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து அதைக் கண்ணாலேயே காட்டுவதாகவும் சொன்னார்கள். அவர்கள் கேட்கும் தொகை அம்மாவின் சேமநிதியில் மிச்சமிருப்பதில் பெரும்பகுதி.

இங்கே நான் மருத்துவ ஆலோசனை கேட்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் எலும்பு சிகிச்சை நிபுணரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குமுன் ஆய்வு நிலவரத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பெரியவர்களின் குருத்தெலும்பு வளரக்கூடியதா? வளர்கிறது என்று காட்டிய ஆய்வுகள் யாரை வைத்து, எதை அளந்து அப்படிச் சொல்கின்றன?

நெறியாளர்: கிளினிக்கின் பெயர் நீக்கப்பட்டுள்ளது. மறுமொழி எழுதுவோரும் பெயர் குறிப்பிட வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

வணக்கம் சகோதரி. திசுப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் குருத்தெலும்புச் செல்களோடு பொழுதைக் கழிப்பவன் நான். மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. முட்டிச் சில்லின் பின்புறத்தில் இன்னும் சற்றுத் தடிப்பு. அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். மீதியில் இரண்டாம் வகைக் கொல்லாஜன் என்னும் புரத இழைகளும் அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறுகளும் முக்கியமானவை. அக்ரிகன் எதிர்மின்னேற்றம் மிகுந்தது என்பதால் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பப் பார்க்கும். கொல்லாஜன் வலை அதை உப்பவிடாமல் பிடித்து வைக்கும். துணியில் இறுகக் கட்டித் தண்ணீரில் போட்ட ஜவ்வரிசி மூட்டையை அழுத்திப் பார்த்தால் ஒரு விறைப்பு தெரியுமே, உடம்பின் எடையை மூட்டில் தாங்குவது அதே விறைப்புதான். தேய்மானத்தின் தொடக்கத்தில் குறைவது அக்ரிகன். அதைச் செல்கள் மறுபடி சுரக்க முடியும். துணி கிழிந்துவிட்டால், அதாவது கொல்லாஜன் வலை அறுந்துவிட்டால், அதைத் தைப்பதற்கு உடம்பில் ஆள் இல்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் திடீரென்று பெருகி, பிறகு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவை அந்தக் காற்றுக் கணக்கோடு ஒப்பிட்டால் அத்திசு எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இப்படிச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் எடுத்த மாதிரியாக இருந்தாலும், அதிலிருந்த கொல்லாஜன் அந்த மனிதர் வளரிளம் பருவத்தில் இருந்தபோது உருவானதாகவே இருந்தது. தேய்மான நோய் உள்ள மூட்டுகளிலும் கொல்லாஜன் புதுப்பிக்கப்பட்டதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. தோட்டத்தில் நடந்த காலத்துக்கும் முன்பே உங்கள் அம்மாவுக்கு அமைந்த வலைதான் இன்றும் அவரைத் தாங்குகிறது.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. கன அளவில் நூற்றுக்குச் சில பங்கே செல்கள். அவையும் தனித்தனியாகக் கூட்டுக்குள் அடைபட்டிருப்பதால் காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து போவது அரிது. வில்லியம் ஹண்டர் என்னும் உடற்கூறு அறிஞர் 1743-இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில், அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்தே மருத்துவர்கள் ஒப்புக்கொண்டு வருவதாகக் குறிப்பிட்டார். அதை மாற்ற முயலும் துறையில்தான் நான் இருக்கிறேன். ஆனாலும் முதிர்ந்த மனித மூட்டைப் பொறுத்தவரை அவர் கூற்றை முற்றிலும் பொய்யாக்கியவர் இன்னும் எவருமில்லை.

ஜெலுத்தோங் ஆசிரியர் எழுதியது:

தம்பி விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு மறுப்பு. நம் கோலாலம்பூரிலேயே டாக்டர் கே. ஒய். சாவ் தலைமையிலான குழு இரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை முழங்காலில் செலுத்தி, குருத்தெலும்பு உருவானதாகப் பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறதே? சுவீடனில் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து மூட்டில் வைப்பதும் 30 ஆண்டுக் கதை. நம் நாட்டில் நடந்த நல்ல ஆய்வை நாமே எண்ணாமல் விட்டால் எப்படி?

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

ஐயா, அந்த ஆய்வை நானே அடுத்து எழுதுவதாக இருந்தேன். 2013-இல் வெளிவந்தது. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சகோதரியின் கேள்விக்கான விடை அதன் நுணுக்கங்களில் இருக்கிறது.

பங்கேற்றவர்கள் 50 பேர். வயது 18 முதல் 50 வரை. அனைவருக்கும் முதலில் சிறு துளை வழியாகக் கருவி செலுத்தும் அறுவை சிகிச்சை செய்து, குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தில் அடி எலும்பில் துளையிட்டார்கள். அந்தத் துளைகள் வழியாக எலும்பு மச்சையிலிருந்து (மஜ்ஜை) இரத்தமும் செல்களும் கசிந்து வந்து உறைந்து புதுத் திசு உருவாக இடம் கொடுக்கும். பிறகு ஒரு பாதிப் பேருக்கு ஹையலுரானிக் அமில ஊசி (மூட்டு நீரில் இயல்பாகவே உள்ள வழுவழுப்பான பொருள்) மட்டும். மறுபாதிக்கு அதனுடன் அவரவர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களும். வாரம் ஒன்றாக ஐந்து ஊசி, ஆறு மாதம் கழித்து மேலும் மூன்று. 18 மாதத்தில் ஒரு பகுதியினருக்கு மூட்டைத் திரும்பத் திறந்து பார்த்துத் திசு மாதிரி எடுத்தார்கள். நோயாளிகள் அதற்கு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். உலகில் பல ஆய்வுகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

திசு மாதிரியிலும் எம்.ஆர்.ஐ. படத்திலும் ஸ்டெம் செல் பெற்றவர்களே மேல். ஆனால் 24 மாதத்தில் நோயாளிகளின் வலியையும் இயக்கத்தையும் அளக்கும் மதிப்பெண் நூற்றுக்கு, ஸ்டெம் செல் குழுவில் 74.8, மறு குழுவில் 71.1, புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. இரு குழுவினருமே முன்பைவிட நன்றாகத்தான் இருந்தார்கள். இது நேர்மையாகச் செய்யப்பட்டு நேர்மையாக எழுதப்பட்ட ஆய்வு. அதில் எங்கும் 63 வயதில், இரு மூட்டும் பரவலாகத் தேய்ந்த ஒருவருக்கு, அறுவை சிகிச்சை இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் ஜவ்வு வளரும் என்று சொல்லப்படவில்லை. விளம்பரத் தாளுக்கு வந்து சேரும்போது வயது, துளையிடல், ஒப்பீட்டுக் குழு மூன்றும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன.

சுவீடன் ஆய்வும் அப்படித்தான். கோதன்பர்க்கில் பிரிட்பெர்க், பீட்டர்சன் முதலியோர் 1994-இல் வெளியிட்டது 23 நோயாளிகளைப் பற்றியது. தொடை எலும்பு முனையில் புண் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச் சில்லில் புண் இருந்த 7 பேரில் இருவருக்கு மட்டுமே. அதிலிருந்து ஒரு துறையே பிறந்தது. பிற்பாடு நார்வேயில் 80 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வளர்த்த செல்களை வைத்தும் மறுபாதிக்கு எலும்பில் வெறும் நுண்துளை மட்டும் இட்டும் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்குள் எக்ஸ்ரேயில் தேய்மான அறிகுறி வந்துவிட்டது. நுண்துளையில் முளைப்பதோ பெரும்பாலும் முதல் வகைக் கொல்லாஜன் மிகுந்த நார்க் குருத்தெலும்பு. அது தழும்பைப் போன்றது. இடத்தை நிரப்பும், ஆனால் அந்த விறைப்பு வராது.

இவையெல்லாம் காற்பந்தாட்டத்திலோ விபத்திலோ ஓரிடத்தில் பெயர்ந்துபோன புண்ணுக்கான சிகிச்சைகள். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு வரம்பாக நிற்க வேண்டும். மூட்டு முழுவதும் மெலிந்து, எலும்பும் மூட்டின் உறையும் சேர்ந்து பாதிக்கப்பட்ட நோய் வேறு.

செந்தூல் வாசகி எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் அம்மாவைப் போன்றவர்களை வைத்தே, அறுவை சிகிச்சை இல்லாமல், ஊசி மட்டும் போட்டு யாராவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? அவ்வாறு செய்தவர்களின் முடிவே எனக்கு மிகவும் தேவை.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முழங்கால் தேய்மானம் இரண்டாம் நிலை முதல் நான்காம் நிலை வரை உள்ளவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அவரவர் எலும்பு மச்சைச் செறிவு, இன்னொன்றுக்குக் கொழுப்புத் திசுவிலிருந்து பிரித்த செல்கள், மூன்றாவதற்குத் தொப்புள் கொடித் திசுவின் ஸ்டெம் செல்கள், நான்காவதற்குச் சாதாரண ஸ்டீராய்டு ஊசி. 475 பேரின் தரவு ஆராயப்பட்டது. ஓராண்டு முடிவில் மூன்று செல் சிகிச்சைகளில் ஒன்றுகூட வலியைக் குறைப்பதில் ஸ்டீராய்டை விஞ்சவில்லை, எம்.ஆர்.ஐ. படத்திலும் மூட்டின் நிலை மேம்பட்டதாகத் தெரியவில்லை.

இரத்தத் தட்டணுச் செறிவு (பி.ஆர்.பி.) ஊசி பற்றியும் நம் ஊரில் அதிகம் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 50 வயதைத் தாண்டிய 288 பேருக்கு, இரண்டாம் மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கு, வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அந்தச் செறிவு, பாதிப் பேருக்கு உப்புநீர். ஓராண்டில் வலி, பத்துக்கு எத்தனை என்ற அளவில், செறிவு பெற்றவர்களுக்கு 2.1 குறைந்தது; உப்புநீர் பெற்றவர்களுக்கு 1.8. குருத்தெலும்பின் கன அளவு முன்னவர்களுக்கு 1.4 விழுக்காடும் பின்னவர்களுக்கு 1.2 விழுக்காடும் சுருங்கியது. 2021-இல் வெளிவந்த இந்த ஆய்வில் என் கண்ணில் முதலில் படுவது உப்புநீரின் 1.8தான். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஊசியைத் தேடிப் போகிறோம். அது தானாகத் தணியும் காலமும் அதை அடுத்தே வருகிறது. ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் இப்போது நன்றாக நடக்கிறார் என்பது உண்மையாகவே இருக்கலாம். நடக்க வைத்தது எது என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் யாராலும் பிரித்தறிய முடியாது.

ஜெலுத்தோங் ஆசிரியர் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். நானும் என் சம்பந்தியும் மூட்டுக்கு நல்லதென்று ஆளுக்கொரு புட்டியாய் விழுங்கும் குளுக்கோசமைன் மாத்திரை என்ன ஆயிற்று? அதையும் உடைத்துவிடுங்கள், மருந்துக் கடைக்குப் போகும் செலவாவது மிஞ்சும். இன்னொரு சந்தேகமும் உண்டு. குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்கிறீர்கள். பிறகு வலி எங்கிருந்து வருகிறது? ஜவ்வு வளர்ந்துதான் ஆக வேண்டும் என்று நாம் ஏன் பிடிவாதமாய் நிற்கிறோம்?

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

குளுக்கோசமைன், அதோடு சேர்த்து விற்கப்படும் காண்ட்ராய்டின் இரண்டையும் அமெரிக்க அரசின் நிதியில் 1,583 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று 24-ஆம் வாரத்தில் கணக்கெடுத்தபோது, வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 60.1 விழுக்காட்டினர், குளுக்கோசமைன் எடுத்தவர்களில் 64 விழுக்காட்டினர். அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. வலி மிகுந்திருந்த சிறு பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்த மாத்திரை உதவியதாகத் தெரிந்தது, ஆனால் அதை நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு அந்தப் பிரிவு பெரிதன்று. உங்களுக்கு அது இதமாக இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன் ஐயா. ஜவ்வை வளர்க்கிறது என்ற எண்ணத்தில் மட்டும் வாங்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. மூட்டின் உறையிலும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலும், தசைநார்களிலும் நரம்பு உண்டு. வலி அங்கிருந்து வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரியும் சிலர் சிரமமின்றி நடக்கிறார்கள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லாத சிலர் துடிக்கிறார்கள். இதை இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசையிலிருந்து காட்டிவிட்டன.

ஸ்பிரிஃபெர்மின் என்ற ஊசி மருந்து, செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தின் வடிவம். 549 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது, கூடிய அளவு மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்புத் தடிப்பு இரண்டு ஆண்டில் வெற்று ஊசிக்காரர்களைவிட ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. உண்மையிலேயே தடித்தது, ஆனால் வலியில் வேறுபாடு இல்லை. மறுபுறம், 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டும் உப்புநீரும் போட்டு ஒப்பிட்ட 2017 ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 0.21 மில்லிமீட்டர் தேய்ந்தது, உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.10தான் தேய்ந்தது, வலியிலோ அங்கும் வேறுபாடு இல்லை. ஆகவே வளர்ச்சியைக் காட்டும் படத்தைக் கொண்டு வலி தீரும் என்று விற்பதும், வலி தணிந்ததைக் கொண்டு வளர்ச்சி நடந்தது என்று சொல்வதும் இரண்டுமே பிழையான கணக்கு.

உடலியக்கச் சிகிச்சையாளர், பினாங்கு எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஊசியைச் சுற்றியே பேச்சு போவதால் குறுக்கிடுகிறேன்.

குருத்தெலும்புக்கு இரத்தம் வராது என்று தம்பி எழுதினார். அதற்கு உணவு வருவது மூட்டு நீரிலிருந்து. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால் அந்தப் பரிமாற்றம் நன்றாக நடக்கும். தண்டுவடம் அடிபட்டுக் கால் அசைக்க முடியாமல் போனவர்களுக்கு முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி நடக்காதீர்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும் அம்மாமார்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களின் தொடைத் தசையைத் தொட்டால் பஞ்சாக அமுங்கும். அந்தத் தசை செய்ய வேண்டிய வேலையும் அப்போது மூட்டின் மேலேதான் விழுகிறது.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். பருமனான முதியவர்களை நடக்க வைத்து அளந்த 2005 ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்தது. 454 பேரை 18 மாதம் தொடர்ந்த மற்றோர் ஆய்வில் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்து செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. உடல் பருமனோடு முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேருக்கு செமாகுளுடைடு என்னும் எடை குறைக்கும் ஊசி மருந்து கொடுத்துப் பார்த்த 2024 ஆய்வில், எடை 13.7 விழுக்காடு குறைந்தவர்களின் வலி வெற்று ஊசிக் குழுவைவிடத் தெளிவாகத் தணிந்தது. இவற்றை வைத்து யாரும் உங்களிடம் ஜவ்வு வளரும் என்று சொல்லவில்லை. சொன்ன பலன் கிடைத்தது.

சகோதரி, அம்மாவின் எடை எனக்குத் தெரியாது. ஒல்லியானவராக இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தசைப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மீண்டும் உட்காருவது போதும் தொடங்குவதற்கு. தரையில் குந்தி வேலை செய்வதை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பெய்ஜிங் முதியவர்களிடம் நடத்திய ஆய்வில், இளவயதில் நெடுநேரம் குந்தியவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாகக் காணப்பட்டது. தோட்ட வேலை செய்த நம் தாய்மார்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் இல்லை.

செந்தூல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கிளினிக்கை மீண்டும் அழைத்து, ஒப்பீட்டுக் குழு வைத்து வெளியிட்ட ஆய்வு உண்டா, அம்மாவின் வயதும் நிலையும் அதில் அடங்குமா, அந்தச் சிகிச்சை பதிவு பெற்ற ஆய்வாக நடக்கிறதா, பொருளாக விற்கப்படுகிறதா என்று கேட்டேன். படங்கள் அனுப்புவதாகச் சொன்னார்கள். முன்பும் பின்பும் எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. படங்கள் வந்தன, வேறொன்றும் வரவில்லை. அம்மாவின் பணத்தை எடுக்கப் போவதில்லை. அரசாங்க மருத்துவமனை நாளுக்குக் காத்திருக்கிறோம். கடைசியாக ஒன்று: அந்தப் படங்களில் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி கூடியிருப்பதுபோல் எனக்கே தெரிகிறது. அது எப்படி?

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

பல வழிகளில் வரலாம். ஆய்வுகளில் ஒரே கருவி, ஒரே அமைப்பு, யாருடைய படம் என்று அறியாத ஒருவர் மூட்டு முழுவதையும் துண்டு துண்டாக அளப்பது என்று கட்டுப்பாடு உண்டு. ஏனெனில் தேடும் மாற்றம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. படம் வெட்டும் கோணம் சற்று மாறினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எடுத்த நேரமும் உண்டு: தொடர்ந்து குந்தி எழுந்தால் முட்டிச் சில்லின் குருத்தெலும்பு சில விழுக்காடு அமுங்கும், பழைய தடிப்புக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நடந்து வந்தவுடன் ஒரு படமும், படுத்து ஓய்வெடுத்தபின் ஒரு படமும் எடுத்தால் மருந்தே இல்லாமல் வளர்ச்சி காட்டலாம். அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

பத்துமலைப் பக்தன் எழுதியது:

தாமதமாக வந்ததற்குப் பொறுத்தருள்க. எனக்கும் இரண்டாம் நிலைத் தேய்மானம் உண்டு. பத்துமலையின் 272 படிகளும் ஏறக் கூடாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். படி ஏறினால் இருக்கும் ஜவ்வும் போய்விடுமா?

உடலியக்கச் சிகிச்சையாளர், பினாங்கு எழுதியது:

ஐயா, பெர்லினில் செயற்கை முழங்கால் பொருத்தியவர்களின் மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் உச்ச விசை உடல் எடையைப் போல் 2.6 மடங்கு; படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. நடப்பதைவிடக் கூடுதல்தான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஏறுவதால் குருத்தெலும்பு தேய்ந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எங்கள் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் சிலர் ஏறிவிட்டு வந்து சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குச் சில மாதம் முன்பே வீட்டுப் படியில் பழகத் தொடங்குங்கள். மறுநாள் மூட்டு வீங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்குங்கள். காவடி எடுப்பதாக இருந்தால் அதன் எடையையும் மேற்சொன்ன மடங்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.